ஓம்பியைப் புதுக்குக!

ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குமாறு செய்வதற்கு மெய்ந்நிகராக்கம் என்று பெயர். இடந்தரும் வழங்கியை ஓம்பி என்றும், அதனுள் தங்கி இயங்குவனவற்றை விருந்துப் பொறிகள் என்றும் நாம் அழைக்கலாம். ஆங்கிலரும் இக்கருத்திலேயே பெயரிட்டுள்ளனர். விருந்தோம்பலைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழர்க்கு இச்சொற்களைக் கடன் வாங்க வேண்டிய நிலை இல்லை.

விருந்து என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியரும் அப்பொருளில் அச்சொல்லை ஆண்டுள்ளார். ஆயின் இன்று நடப்பது என்ன? விருந்துப் பொறிகளைத் திங்கள்தோறும் புதுக்குவோர், அவற்றைத் தாங்கும் ஓம்பியை மட்டும் ஆண்டுக்கணக்கில் பழையதாகவே விட்டுவைக்கின்றனர். இதனினும் பெரிய பேதைமை உண்டோ?

2023 பிப்பிரவரியில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எசு.எக்சு.ஐ என்னும் ஓம்பி மென்பொருளைக் கொள்ளையர் தாக்கினர். விருந்துப் பொறிகளின் கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டு, மீட்பதற்குப் பணம் கேட்டனர். உலகெங்கும் 3,800க்கு மேற்பட்ட வழங்கிகள் கெட்டன என அமெரிக்க அரசின் அமைப்புகள் அறிவித்தன. அவர்கள் நுழைந்த வழியெனப் பெரிதும் கருதப்பட்ட துளையை அடைக்கும் திருத்தமோ, 2021 பிப்பிரவரியிலேயே வெளிவந்திருந்தது. மருந்து கைக்கெட்டியும் ஈராண்டு உண்ணாதிருந்தோர் பலர்! விருந்துப் பொறி ஒன்று கெட்டால் கேடு பெரும்பாலும் அதனோடு நிற்கும். ஓம்பி கெட்டாலோ அதனுள் உள்ள அனைத்தும் கெடும்.

"நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?" என்பார் சிலர். அவர்தம் அச்சம் முற்றும் பொய்யன்று. 2020இல் வந்த ஏழாம் பதிப்பு, லினக்சு வழிவந்த பழைய இயக்கிகளை அறவே கைவிட்டது. அவற்றையே நம்பியிருந்த வலையட்டைகள் புதிய பதிப்பில் இயங்கா. ஆராயாமல் புதுக்கினோர் இடர்ப்பட்டனர். ஆயினும் இது முறையோடு புதுக்குக என்பதற்குச் சான்றேயன்றிப் புதுக்கற்க என்பதற்குச் சான்றாகாது.

முறை யாது? அடிப்படை மென்பொருள், இயக்கிகள், வன்பொருளுட் பதிந்த நிலைபொருள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவனவா என ஒப்புமைப் பட்டியலில் முதற்கண் பார்த்திடுக. அவற்றை ஒரே படிமமாகத் தொகுத்து, ஓர் ஓம்பியில் இட்டு ஆய்ந்திடுக. பின்னர் விருந்துப் பொறிகளை அண்டை ஓம்பிக்குப் பெயர்த்துவிட்டு, ஒவ்வொன்றாகப் புதுக்குக. எல்லா ஓம்பிகளிலும் ஒரே படிமம் நிலவுமாறு காக்கும் வழியையும் அவ்வேழாம் பதிப்பே தந்தது. அப்பதிப்புக்கான பொது ஆதரவும் 2025 அக்தோபர் 2ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே உறங்குவோர் உடனே விழித்திடுக.

இத்துறையில் பணியாற்றும் தமிழிளைஞர் பல்லாயிரவர். அவர்கள் தம் அலுவலகச் செய்முறைக் குறிப்பைத் தமிழிலும் எழுதி வைப்பாராக. பொருள் விளங்கிச் செய்வோன் படிகளைத் தாண்டான். சொற்களை மட்டும் உருப்போட்டவன் எதைத் தாண்டினோம் என்பதையே அறியான்.

வேரில் நின்று புதுத்தளிர் ஈன்றதனால் வாழ்வது தமிழ். தூய்மை பேணுதல் பழமையில் உறைந்து கிடத்தல் அன்று என்பதை மொழியில் உணர்ந்த நாம், பொறியிலும் உணர்வோமாக!