இருதயத்திற்கு ஒரு நூல்

மாரடைப்பினால் மாண்ட இருதயத் தசை மீண்டும் தழைப்பதில்லை. அவ்விடத்தில் வடுவே மிஞ்சுகிறது. பிழைத்தவனும் நாளடைவில் பலம் குன்றிப் போகிறான். இதற்கு வைத்திய சாஸ்திரம் தேடிவரும் பரிகாரங்களுள் ஒன்று, நெசவுக்குப் பேர்பெற்ற மதுரை நகரத்தார்க்கு எளிதில் விளங்கும். உடலில் கரையத்தக்க பொருளைக் குழம்பாக்கி, மின்சார சக்தியால் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய இழைகளாக இழுத்து, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் அமைக்கிறார்கள். அதைப் பற்றி உயிரணுக்கள் வரிசையாய் வளர்ந்து இருதயத்துக்குத் துணை செய்யும்; சாரம் பின்னர் கரைந்துவிடும் என்பது நோக்கம்.

இத்தகைய நுண்ணிழை ஆராய்ச்சி தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் நடைபெறுகிறது. ஆயினும் இது இன்னும் சாதாரண சிகிச்சையாகிவிடவில்லை. அப்படியிருக்க, விலையைப் பற்றி இப்பொழுதே விவாதிப்பானேன் என்று சிலர் கேட்கலாம். இப்பொழுது விவாதியாவிடில் பின்னர் வருந்த நேரும் என்பதே நமது அபிப்பிராயம்.

ஸ்டென்ட் விஷயத்தில் நடந்ததென்ன? இறக்குமதி விலைக்குப் பன்மடங்கு நோயாளிகளிடம் வாங்கப்பட்டு வந்தது. 2017-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான் சர்க்கார் விழித்து, மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என உச்சவிலை விதித்தது. அதற்குள் கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு யார் ஈடு செய்வார்?

நேர்வழியும் நமக்குத் தெரியாததன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார், டாக்டர் வலியத்தான் தலைமையில், சுதேசி இருதய வால்வு ஒன்றைச் செய்து 1990-இல் முதன்முதலாகப் பொருத்தினர். அயல்நாட்டு வால்வினும் குறைந்த விலைக்கு வந்த அது, லட்சம் பேருக்கு மேல் பயன்பட்டிருக்கிறது. நம் மதுரையிலேயே 1992-இல் தோன்றிய அரோலாப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைக்கும் எட்டச் செய்து, அயல்நாடுகளுக்கும் அனுப்புகிறது. மலிவான சரக்கு மட்டமான சரக்கு என்னும் கூற்றை இவ்விரண்டும் பொய்யாக்கிவிட்டன.

ஆகவே நாம் கோருவது இரண்டு. இவ்வாராய்ச்சி பரிசோதனைச் சாலையோடு நின்றுவிடாதபடி சர்க்கார் தாராளமாய்ப் பொருளுதவி செய்ய வேண்டும். பொது ஜனங்களின் வரிப்பணத்தில் விளைந்ததை விற்க முன்வரும் கம்பெனிகள், உரிமை பெறும்போதே உச்சவிலைக்கு உடன்பட வேண்டும். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் ஏர் பிடிப்பவன் இராஜாஜி ஆஸ்பத்திரியில் பெற முடியாத சிகிச்சையை, தேசத்தின் வெற்றியென்று நாம் கொண்டாட முடியாது.