கோடை விடுமுறை யாருக்கு?

சித்திரை பிறந்தது முதல் வைகாசி முடிகிறவரை நமது நாட்டில் விடுமுறைக் காலம் என்று சொல்லப்படுகின்றது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, கோர்ட்டுக்கும் விடுமுறை. ஆனால் அடுப்புக்கு விடுமுறை உண்டா என்று எவராவது கேட்டதுண்டா? கேட்டிருக்கமாட்டார்கள். ஏனென்றால், கேட்க வேண்டியவர்கள் விசிறிக்கு அடியில் படுத்திருக்கின்றார்கள். கேட்கத் தகுந்தவளோ அடுப்புக்கு முன்னால் நிற்கின்றாள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் சங்கதியைச் சொல்லுகின்றோம். கணவர் ஒரு கடையில் கணக்கெழுதுகின்றவர். மனைவி வீட்டிலிருந்தே துணி தைத்துச் சம்பாதிக்கின்றவர். 13 வயதில் ஒரு பெண். அவளுக்கு இளையவன் ஒரு பையன். விடுமுறை என்றதும் நாத்தனார் குடும்பமும் பிள்ளைகளுமாக ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். வரட்டும், உறவு வேண்டியதுதான். ஆனால் அந்த அம்மாள் விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்தார். வெயில் ஏறுமுன் மாடியில் வடாம் பிழிந்தார். ஒன்பது பேருக்கு மூன்று வேளையும் சமைத்தார். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்தார். வீட்டு ஆண்களோ கிரிக்கெட் ஆட்டம் பார்த்துக்கொண்டே, “அவளுக்கு வேலை செய்யாவிட்டால் பொழுது போகாது” என்று பெருமை பேசினார்கள்!

இது ஒரு வீட்டுச் சங்கதி மாத்திரமல்ல. இந்திய அரசாங்கமே 2019-ஆம் ஆண்டில் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதில் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அப்பொழுது செலவிட்டாள். ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிஷம். அதிலும் 100 பெண்களில் 81 பேர் இவ்வேலையைச் செய்தபோது ஆண்களில் செய்தவர்கள் 26 பேர்தான். இதை எந்தக் கடவுள் விதித்தார் என்று கேட்கின்றோம்.

நிற்க, அந்த அம்மாளின் சமையலறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு ஜன்னல் திறந்து வைக்கக் கொத்தனார் ஆறாயிரம் ரூபாய் கேட்டார். “கத்திரியில் வீட்டைக் கை வைக்கலாகாது” என்று மாமியார் பஞ்சாங்கத்தைக் காட்டினார், மகனும் ஆமென்றார். அக்கினி நட்சத்திரம் வழக்கமாக மே 4 முதல் 28 வாக்கில் முடிகின்றது. ஆனால் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதியன்று! பஞ்சாங்கம் நெருப்பை அணைத்த பிறகும் சூரியன் எரித்தது. பூமி சாய்ந்து சுற்றுவதால் சித்திரையில் சூரியன் நமது தலைக்கு நேரே வருகின்றது; காய்ந்த நிலம் நாளுக்கு நாள் சூடேறுகின்றது; கடற்காற்று தாமதித்து, மேல்காற்று வீசினால் அனல் அடிக்கின்றது. இதில் நட்சத்திரத்துக்கு என்ன வேலை?

வேடிக்கை என்னவென்றால், ஜன்னலுக்கு ஆகாத அதே கத்திரியில் அந்தப் பெண் குழந்தைக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்த நல்ல முகூர்த்தம் மட்டும் கிடைத்துவிட்டது! மண்டபம், விருந்து, பந்தல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்கு அந்த அம்மாளின் நகை பாங்கியில் அடகுக்குப் போயிற்று. தாய்மாமன் கடன் வாங்கிச் சீர் கொண்டுவந்தார். மொய்யாக வந்த எழுபதாயிரமும் வரவல்ல. நாளைக்குத் திருப்பிச் செய்யவேண்டிய கடன்.

பெண்ணின் படத்தைப் போட்டுத் தெரு முனையில் தட்டி வைத்தார்கள். நீந்தக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டிருந்த குழந்தையைப் பதினாறு நாள் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அவள் தன் தாயாரிடம், “தம்பிக்குக் குரல் உடைந்தாலும் இப்படித் தட்டி வைப்பீர்களா அம்மா?” என்று கேட்டாளாம். அறிவாளிகள் என்று பெயரெடுத்த எத்தனை பேருக்கு இந்தக் கேள்வி தோன்றிற்று?

வளர்கின்ற உடம்பில் நடக்கின்ற இயற்கையான மாறுதல் இது. “எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் தயார்” என்று ஊருக்குப் பறையடிக்கவே இச்சடங்கு பயன்பட்டது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதை 14 ஆக்கியது. 1978-இல் சட்டம் அதை 18 ஆக்கிற்று. பதினெட்டு வரை கல்யாணமே கூடாதென்றால், பதின்மூன்றில் இந்தப் பறை எதற்கு?

விழாவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாம்பழம் தின்னுங்கள், உறவினரைக் கூப்பிடுங்கள், பிள்ளைகளோடு ஆடிப் பாடுங்கள். ஆனால் ஒருத்தியின் முதுகை ஒடித்து மற்றவர் கொண்டாடுவது விழாவாகுமா? ஒரு குழந்தையைக் கூசவைத்து ஊர் விருந்துண்பது சந்தோஷமாகுமா?

ஜூன் மாதம் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. அந்தப் பெண்ணுக்குப் புத்தகமும் சம்பளமும் கட்டப் பணமில்லை, மறுபடியும் கடன். ஜன்னல் இன்னும் திறக்கப்படவில்லை.

ஆகவே வாசகர்களை, முக்கியமாக ஆண்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். அடுத்த கோடையில் சடங்குக்கு வைத்த பணத்தைப் பெண்ணின் படிப்புக்கு வையுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கரண்டியை நீங்கள் பிடியுங்கள். பத்து நிமிஷம் அந்தச் சமையலறையில் நின்று பாருங்கள். பிறகு கத்திரி முடியட்டும் என்று எவரும் சொல்லமாட்டீர்கள். அன்றைக்கே கொத்தனாரைத் தேடிப் போவீர்கள்.