பிரசவத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டாமா? கொரோனா கால விதிகள் சில நாட்களில் மாறியது ஏன்?

நியூயார்க், 2020 மார்ச் கடைசி வாரம். வலி எடுத்து மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளுக்கு வாசலிலேயே ஓர் அதிர்ச்சி. ‘நீங்க மட்டும் உள்ளே வாங்க’ என்றார்கள். கணவர், அம்மா, தோழி என யாருக்குமே அனுமதி கிடையாது. நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைக் குழுமங்களான நியூயார்க் பிரெஸ்பிடேரியனும் மவுண்ட் சினாயும் அடுத்தடுத்து எடுத்த முடிவு அது. குழந்தையின் முதல் அழுகையை அப்பாக்கள் செல்போன் திரையில் கேட்க வேண்டிய நிலை.

அவ்வளவு கடுமை எதற்கு?

முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம், பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது. மற்ற வார்டுகள் காலியானபோதும் லேபர் ரூம் மட்டும் வழக்கம்போல நிரம்பியே இருந்தது. வருபவர்களில் யாருக்குத் தொற்று என்பதும் தெரியாது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் பிரசவத்துக்குச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குப் பிறகுதான் கோவிட் உறுதியானது. அதற்குள் அவர்களைக் கவனித்த ஊழியர்கள் பலர் தொற்று ஆபத்துக்கு ஆளாகியிருந்தார்கள்.

உடனே, பிரசவத்துக்கு வரும் எல்லோருக்கும் பரிசோதனை என்ற முறை வந்தது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 4 வரை பிரெஸ்பிடேரியன் குழுமத்தின் இரண்டு மருத்துவமனைகளில் பிரசவித்த 215 பெண்களில் 33 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த 33 பேரில் 29 பேருக்குச் சேரும்போது எந்த அறிகுறியும் இல்லை. ‘காய்ச்சல் இருக்கா?’ என்று கேட்டு வடிகட்டுவது வீண் வேலை என்பதை மற்ற நாடுகளின் மருத்துவர்களுக்கும் புரியவைத்த எண்ணிக்கை இது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால், அதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் தவறு. பிரசவத்துக்குத் துணையாக வருபவர் பூங்கொத்தோடு வந்துபோகும் விருந்தாளி அல்ல. உதிரப்போக்கு அதிகமானால் நர்ஸை ஓடிப்போய் அழைப்பவர் அவர்; வலியில் பேச முடியாதவளுக்காகப் பேசுபவரும் அவர்தான். மாநில சுகாதாரத் துறை, துணைக்கு ஒருவர் இருப்பது சிகிச்சையின் அவசியமான பகுதி என்று அறிவித்தது. மார்ச் 28 அன்று ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் ஒருவரை அனுமதித்தே ஆக வேண்டும் என உத்தரவிட்டார். தடை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால், அந்தச் சில நாட்களில் தனியாகப் பிரசவித்தவர்களுக்கு அந்த உத்தரவால் என்ன பயன்?

குழந்தையைப் பிரித்து வைக்கணுமா?

இது இன்னும் சிக்கலான கேள்வி. தொற்றுள்ள தாயிடமிருந்து பச்சிளம் குழந்தையைத் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம் என்பதே 2020 ஏப்ரலில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்ன யோசனை. உலக சுகாதார நிறுவனமோ ஆரம்பத்திலிருந்தே வேறு பக்கம் நின்றது. மாஸ்க் போட்டு, கையைக் கழுவி, தாய் பால் கொடுக்கட்டும். குழந்தை அவள் அறையிலேயே இருக்கட்டும் என்றது.

பதில் அதே நியூயார்க்கிலிருந்து வந்தது. மூன்று மருத்துவமனைகளில், தொற்றுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 120 குழந்தைகளுக்கு முதல் 24 மணி நேரத்தில் பரிசோதனை செய்தார்கள். ஒன்றுக்குக்கூடத் தொற்று இல்லை. தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 82 குழந்தைகளில் 68 பேர் தாயின் அறையிலேயே இருந்தவர்கள். பால் கொடுக்கவும் தடை இல்லை. அடுத்த வாரம் மீண்டும் பரிசோதித்தபோதும் தொற்று கண்டறியப்படவில்லை. ஜூலையில் சங்கம் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது.

போன்லேயே செக்-அப் போதுமா?

ஓரளவுக்குப் போதும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மோனாஷ் ஹெல்த் என்ற பெரிய பொது மருத்துவமனைக் குழுமம், கர்ப்பகாலப் பரிசோதனைகளில் ஏறத்தாழ பாதியை வீடியோ, தொலைபேசிக்கு மாற்றியது. பி.பி.யைப் பெண்கள் வீட்டிலேயே பார்த்துச் சொன்னார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு நேரில் வந்தார்கள். இறந்தே பிறக்கும் குழந்தைகளின் விகிதமோ, கர்ப்பகால ரத்தக்கொதிப்புச் சிக்கல்களோ இதனால் கூடவில்லை என 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒன்றை மறக்கக் கூடாது: அங்கே வீட்டில் பி.பி. மெஷின் இருந்தது, போனில் சிக்னல் இருந்தது, அவசரம் என்றால் வர ஆம்புலன்ஸும் இருந்தது.

வர முடியாதவர்களுக்கு?

பெருந்தொற்றின் பெரிய பாதிப்பு மருத்துவமனைக்கு வெளியே இருந்தது. நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளை ஆய்வு செய்தபோது, ஊரடங்கில் அங்கு நடந்த பிரசவங்கள் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது தெரிந்தது. வாரத்துக்குச் சராசரியாக 1,261 ஆக இருந்தது 651 ஆனது. பஸ் இல்லை, தொற்று பயம் வேறு. வந்தவர்களிலும் இறந்தே பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14-லிருந்து 21 ஆகவும், பிறந்தபின் மருத்துவமனையிலேயே இறந்த பச்சிளம் குழந்தைகள் ஆயிரத்துக்கு 13-லிருந்து 40 ஆகவும் உயர்ந்தன. பிரசவ நேரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கண்காணிப்பதும் குறைந்திருந்தது. ஊழியர்கள் கை கழுவுவது கூடியிருந்தது. வராமல் போன பாதிப் பேருக்கு என்ன ஆனது என்பது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இந்தியாவில் என்ன விதி?

ஐ.சி.எம்.ஆர். 2020 ஏப்ரலில், தொற்று அதிகமுள்ள பகுதிகளில் வசிக்கும் கர்ப்பிணிகளில் ஐந்து நாட்களுக்குள் பிரசவமாகக் கூடியவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யச் சொன்னது. பரிசோதனை என்று வந்தால் அடுத்து ரிப்போர்ட் என்ற கேள்வியும் வரும். வலியோடு வந்தவரிடம் ‘ரிப்போர்ட் எங்கே?’ என்று கேட்டால் என்ன செய்வார்? பரிசோதனை நடக்கவில்லை என்பதற்காகப் பிரசவம் உள்ளிட்ட எந்த அவசர சிகிச்சையையும் தாமதப்படுத்தக் கூடாது என்று மே மாதம் அதே அமைப்பு எழுதியது. செப்டம்பரில் இன்னொரு வரியும் சேர்ந்தது: பரிசோதனை வசதி இல்லை என்று சொல்லி கர்ப்பிணியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பக் கூடாது, சாம்பிளை எடுத்து அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு.