மும்பையை விட்டால் எந்த ஊர்?
சொந்த ஊர் வேறு, பிழைக்கும் ஊர் வேறு

தாராவி மறுசீரமைப்பு வேலைகள் தொடங்கியதிலிருந்து மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. தெற்கே போய்விடலாமா? போவதானால் எந்த ஊருக்கு?

காரணம் இல்லாமல் இல்லை. 2000 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011-க்குள் வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு வீடு. ஆனால் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்போருக்கும் வெளியேதான், அதுவும் வாடகையாகக் கட்டித் தவணையில் சொந்தமாக்கும் முறையில். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆகப்போகும் குடும்பங்கள் தெற்கே பார்ப்பது இயல்பு. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் குமாஸ்தாக்களும் இதே யோசனையில் இருக்கிறார்கள்.

நெல்லை

தாராவித் தமிழரில் பலருக்குப் பூர்வீகம் நெல்லைச் சீமை. எனவே முதலில் நினைவுக்கு வருவது திருநெல்வேலி. தாமிரபரணித் தண்ணீர், உறவினர் துணை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாம் உண்டு. பென்ஷன்காரருக்கு ஏற்ற ஊர்தான். ஆனால் இருபது வயது மகனுக்கு என்ன வேலை? அந்த மாவட்டத்து இளைஞர்களே இன்னமும் சென்னைக்கும் கோவைக்கும் ரயிலேறுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து, ஆற்றோரத் தாழ்நிலத்தில் மனை வாங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

கைத்தொழிலைப் பார்த்து ஊர்

தையல் தெரிந்தவருக்குத் திருப்பூர். தோல் வேலை தெரிந்தவருக்கு ஆம்பூர், வாணியம்பாடி. லேத், பட்டறை வேலை தெரிந்தவருக்குக் கோவை அல்லது ஓசூர். ஓசூரில் மோட்டார் தொழிற்சாலைகள் உள்ளன. கன்னடம், தெலுங்கு பேசுவோரும் கலந்து வாழ்வதால் வெளியூர்க்காரர் என்ற பேதம் குறைவு. குர்லாவிலிருந்து கோவை செல்லும் தினசரி ரயில் ஓசூர், சேலம், ஈரோடு, திருப்பூர் வழியே போகிறது. மும்பையில் ஒரு பிள்ளையை விட்டுச் செல்வோருக்கு இது பெரிய வசதி. நெல்லைக்கு நேரடி வண்டிகள் உண்டு; ஆனால் அவை தினசரி வண்டிகள் அல்ல.

திருப்பூரிலும் எப்போதும் ஒரே நிலை இராது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தபோது பனியன் ஏற்றுமதி அடிவாங்கியது. ஒரே தொழிலை நம்பிய ஊரில் குடும்பம் முழுவதும் அதே தொழிலில் இறங்குவது ஆபத்து.

பிள்ளைகளின் தமிழ்

பலரும் யோசிக்காத சங்கதி இது. தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அரசு வேலைக்கான தேர்வாணையத் தேர்வுகளிலும் தமிழ்த்தாளில் தேற வேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவு வந்தது. வீட்டில் தமிழ் பேசினாலும், மராத்தி அல்லது இந்தி மீடியத்தில் படித்து எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை அங்கே போய்த் திண்டாடும். போவதற்கு இரண்டு ஆண்டு முன்பே எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர் பொறுப்பு.

அவசரம் வேண்டாம்

கிராஜுவிட்டிப் பணம் கைக்கு வந்ததும் மனை வாங்குவது வழக்கமாகிவிட்டது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்காமலும், வில்லங்கச் சான்று எடுக்காமலும் முன்பணம் கொடுக்கலாகாது. ரேஷன் அட்டையில் பெயரை நீக்கிச் சான்று வாங்கிச் சென்றால்தான் அங்கே புது அட்டைக்கு அலைச்சல் குறையும்.

முதலில் சம்பாதிக்கும் ஒருவர் போய் வேலையில் அமரட்டும். குடும்பம் ஓராண்டு வாடகை வீட்டில் இருந்து ஊரின் கோடையையும் மழையையும் பார்க்கட்டும். மும்பையில் வீட்டுரிமை முடிவாகும் வரை இங்குள்ள காகிதங்களை விட்டுக்கொடுக்க வேண்டாம். பெரியவர்களின் ஊர்ப்பாசம் மட்டும் இதைத் தீர்மானிக்கக் கூடாது. இனி சம்பாதிக்கப் போகிறவர்களையும் கேட்டு முடிவு செய்வதே நல்லது.