றலியின் கழுத்தை ஏன் மாத்தவேணும்?

அப்பப்பா விட்டுப்போன றலியை நாங்கள் நாலுபேர் மாறிமாறி ஓடுறம். ஹாண்டில் ஆடத் தொடங்கினதும், "புது மொடலுக்கு மாத்துவம்" என்றுதான் எங்களுக்கும் தோன்றியது. ஆனால் பழைய போர்க்கின் தண்டு 1 அங்குலம், மரை போட்டது. மரையில்லாத புதியவற்றில் பரவலானது 1⅛ அங்குலம். அது பழைய கழுத்துக்குள் இறங்காது.

22.2 மி.மீ. இணைப்புத் தண்டு ஒன்றை இறக்கிப் புது ஹாண்டில் பூட்டலாம்தான். ஆனால் ஆட்டம் இருப்பது பெயறிங்கில்! அது அப்படியே இருக்கும். பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடுறவைக்கு அழகைவிட இதுதான் முக்கியம்.

இன்னொன்று: பழைய றலிக்கு அங்குலத்துக்கு 26 மரை, பொதுவாகக் கிடைப்பது 24. பொருந்தாத நட்டை இறுக்கினால் மரையே போய்விடும்.

குண்டுகளை மாத்தி, கிறீஸ் போட்டு, அளவாய் இறுக்கினம். ஆட்டம் நின்றது. மாத்துவதற்கு முதல், பழுது எங்கே என்று பார்ப்போமே!