ஜின்ஸ்பெர்க்கின் நிழலில் ஒரு வங்கக் கவிதை

வங்கக் கவிஞர் மலய் ராய்சௌத்ரி என்று பேச்செடுத்தால் அடுத்த வாக்கியத்திலேயே அமெரிக்கக் கவிஞர் ஆலன் ஜின்ஸ்பெர்க் வந்துவிடுகிறார். மலயின் ‘பிரசண்ட பைத்யுதிக் சுதார்’ கவிதையை, ஜின்ஸ்பெர்க்கின் கவிதையை நினைத்து, வங்காளத்தின் ‘ஹௌல்’ என்று சொல்லிவிட்டால் விமர்சகருக்கு வேலை மிச்சம். ஆனால் காலக்கணக்கே இதற்கு இடம் தரவில்லை. மலயும் நண்பர்களும் தொடங்கிய ‘ஹங்ரி தலைமுறை’ இலக்கிய இயக்கத்தின் முதல் அறிக்கை 1961 நவம்பரில் பாட்னாவில் அச்சாகிவிட்டது. ஜின்ஸ்பெர்க் பம்பாயில் வந்திறங்கியது 1962 பிப்ரவரியில்.

அந்த அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. காரணம் எளிது: பாட்னாவில் வங்க எழுத்துகளைக் கோக்கும் அச்சகம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் ஒற்றைத் தாள் துண்டுப் பிரசுரங்கள்தான். காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் மேசை மேசையாக இலவசமாகக் கொடுத்தார்கள். கடையில் விற்கும் ராட்சச, கோமாளி முகமூடிகளை வாங்கி, ‘இதைக் கழற்றுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரி அச்சடித்து, அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பியதும் இவர்களே. கவிதையை விட இந்தக் குறும்புதான் அரசை உறுத்தியிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

1964 செப்டம்பரில் கைதுகள் தொடங்கின. மலயைக் கைவிலங்கிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, பாட்னா தெருவில் நடத்திச் சென்றார்கள். ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் இங்கே ஒப்பிடலாம். 1957இல் ‘ஹௌல்’ வழக்கில் கூண்டேறியவர் பதிப்பாளர் ஃபெர்லிங்கெட்டி. ஜின்ஸ்பெர்க் மீது வழக்கே இல்லை. அந்தப் பதிப்பாளரும் விடுதலையானார். கல்கத்தாவிலோ கவிஞனே குற்றவாளி. ‘பிரசண்ட பைத்யுதிக் சுதார்’ ஆபாசம் என்று சொல்லி 1965 டிசம்பரில் 200 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதச் சிறை.

சாட்சிக் கூண்டில் நடந்தது இதைவிடக் கசப்பானது. இயக்கத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான சக்தி சட்டோபாத்யாய் அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்னார். இயக்கத்தோடு ஒட்டாமல் நின்ற சுனில் கங்கோபாத்யாய் மலய்க்காக வந்து நின்றார். 1967இல் உயர்நீதிமன்றம் மலயை விடுவித்தபோது இயக்கம் சிதறிப்போயிருந்தது. மலய் பல ஆண்டுகள் எழுதாமலே இருந்தார்.

கவிதை பிழைத்துக்கொண்டது. ‘டைம்’ இதழ் 1964லேயே இவர்களைப் பற்றி எழுதியது. ஆங்கிலத்தில் ‘ஸ்டார்க் எலெக்ட்ரிக் ஜீசஸ்’ என்ற பெயரில் அமெரிக்கச் சிற்றிதழ் உலகில் அது சுற்றியது. வங்காளத்தில் அதன் தாக்கம் வேறு மாதிரி: சாந்திநிகேதன் மெருகு ஏறாத தெருப்பேச்சும் உடலின் அவஸ்தையும் கவிதைக்குள் வரலாம் என்ற துணிச்சல் பின்வந்த சிற்றிதழ்க்காரர்களுக்குக் கிடைத்தது. பிரிவினை அகதிகளும் அரிசிப் பஞ்சமும் நிறைந்த கல்கத்தாவில் பிறந்த துணிச்சல் அது, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து இறக்குமதியானதல்ல.

பெண்ணை அந்தக் கவிதை பார்க்கும் பார்வை இன்று உறுத்துகிறது. அந்தக் குறை நியாயமானதே. அதை விவாதிக்க வேண்டிய இடம் வகுப்பறையும் பத்திரிகையும். மலய் 2023 அக்டோபரில் காலமானார். அவர்மீது பாய்ந்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆபாசத்துக்கான 292ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவாக நீடிக்கிறது. முதல் குற்றத்துக்கான அபராத உச்சவரம்பு 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருக்கிறது.