மூச்சு யார் வீட்டுச் சொத்து?

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த மகன் 39 மணி நேரம்தான் இருந்தான். நுரையீரல் முற்றவில்லை. அப்பன் கையில் அணுகுண்டு இருந்தது. பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்க வழியில்லை. மருத்துவத்துக்கே அன்று தெரியாது, சரி.

1971இல் தெரிந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் கூட்டாளிகளும் இப்படித் திணறிய 20 குழந்தைகளில் 16 பேரைப் பிழைக்க வைத்தார்கள். சங்கதி இவ்வளவுதான்: குறைமாசப் பிள்ளை மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். விடாமல் கொஞ்சம் அழுத்தம் இருந்தால் ஒட்டாது. பிறகு தொண்டைக்குள் குழாய் செருகாமல், மூக்கு வழியாகவே கொடுக்கக் கற்றார்கள். வெளியேறும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. முங்கியிருந்தால் போதும், அழுத்தம் வந்துவிடும். ஒரு பாட்டில் தண்ணி, தோழர்களே!

மலாவி நாட்டில் 2014இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். வெறும் ஆக்சிஜன் பெற்ற பச்சைக் குழந்தைகளில் பிழைத்தது 44 சதம். குமிழிக் கருவி பெற்றவர்களில் 71 சதம். மொத்தம் 87 குழந்தைகள்தான், சின்ன ஆய்வுதான். ஆனால் கிரிகரிக்கு 43 வருஷம் கழித்தும் வெறும் ஆக்சிஜனோடு பிள்ளைகள் கிடந்ததற்கு யார் பதில் சொல்வது? விதியா? கருவியின் விலையா? அந்தக் கருவியின் முதல் மாதிரியை அமெரிக்க மாணவர்கள் மீன்தொட்டிப் பம்பை வைத்தே செய்தார்கள்!

உடனே ஒரு கூட்டம் 2019 ஆய்வைத் தூக்கிக்கொண்டு வரும். அதே மலாவியில், நிமோனியா வந்த கொஞ்சம் பெரிய குழந்தைகளில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதமும் குமிழிக் கருவி பெற்றவர்களில் 17 சதமும் செத்தார்கள். "பாத்தீங்களா, ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்பார்கள். அய்யா, அவர்கள் குறைமாசப் பிள்ளைகள் அல்ல. அது டாக்டர் தினமும் வந்து பார்க்காத ஆஸ்பத்திரி. அதை ஏன் விழுங்குகிறீர்கள்?

குழாய் நழுவும், மூக்கு புண்ணாகும், குமிழி நின்றுபோகும். ஆக்சிஜன் மிஞ்சினால் குறைமாசப் பிள்ளைக்குக் கண்ணே போகும். ராத்திரி முழுக்க இதையெல்லாம் பார்ப்பது நர்ஸ். அவளுக்குச் சம்பளம் தராமல் பெட்டியை மட்டும் தானம் செய்து போட்டோ எடுத்துக்கொள்வதற்குப் பெயர் கருணை இல்லை, ஏமாற்று.

பாட்டிலையும் கேட்போம். பக்கத்தில் நிற்கும் ஆளையும் சேர்த்தே கேட்போம். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுத்தால், அந்தச் சாவை இயற்கைச் சாவு என்று யாரும் எழுத விடக்கூடாது.